மேம்பாலம் கேட்கும் முன் அந்தக் காம்பவுண்டு சுவரைப் பாருங்கள்

கேள்வி: ஓசூரில் பாகலூர் சாலையை ஒட்டிய மனைப்பிரிவில் குடியிருக்கிறோம். காலையில் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. சாலையை அகலப்படுத்தி மேம்பாலம் கட்டச் சொல்லி எங்கள் குடியிருப்போர் சங்கம் மனு கொடுக்கப் போகிறது. வேறு என்ன கேட்கலாம்?

பதில்: மனுவை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் ஒரு நாள் காலை ஏழரை முதல் எட்டரை வரை நான்கு பேர் முக்கில் நின்று, அந்த வழியாகப் போகும் ஆட்களை எண்ணுங்கள். நடந்து போகிறவர், சைக்கிள்காரர், கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவர் எல்லோரும் கணக்கில் வரவேண்டும். எண்ணி முடித்தால் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பது யார், அதில் அதிகம் பேரைக் கொண்டுபோவது எது என்பது தெரிந்துவிடும். வண்டிகளைவிட மனிதர்களின் பயணத்துக்கே முதலிடம் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் சொல்கிறது.

அடுத்தது வரைபடம். ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆனது. இப்படி வேகமாக வளரும் ஊர்களில் மனைப்பிரிவு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ரோடு போட்டு மெயின் ரோட்டில் சேர்த்துவிட்டு, மறுமுனையில் சுவர் எழுப்பிக்கொள்ளும். பள்ளிக்கூடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருநூறு அடியில் இருக்கும். பிள்ளையை விட மெயின் ரோட்டுக்கு வந்து, சுற்றி, மறுபடி உள்ளே போகவேண்டும். நடக்கிற தூரத்துக்கு பைக் எடுப்பது இப்படித்தான். பால் வாங்கவும் அதே ரோடு, பெங்களூரு போகவும் அதே ரோடு என்றால் அதை எவ்வளவு அகலப்படுத்தி என்ன செய்ய?

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் ரோடுகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு வந்துவிடும். அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். ரோடு எல்லை வரை போவதாகக் காட்டியிருந்து, அதன் குறுக்கே சுவர் நின்றால், அது பொது ரோட்டில் நிற்கும் சுவர். இடையில் தனியார் மனை இருந்தால் கொஞ்சம் சிரமம்தான், நிலத்தை வாங்கியாக வேண்டும். திறக்கச் சொன்னால் ‘வெளியாள் வருவான், திருட்டு நடக்கும்’ என்பார்கள். பத்தடி வழி விட்டு நடுவில் இரண்டு கல் நட்டால் கார் வராது. ஆளும் சைக்கிளும் போகும். நெதர்லாந்தில் ஹௌட்டன் என்ற ஊரை இந்த யோசனையை வைத்தேதான் வளர்த்தார்கள். அங்கே ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு கார் வெளிவட்டச் சாலை ஏறிச் சுற்ற வேண்டும், சைக்கிள் குறுக்கே போய்விடும்.

அப்புறம் டவுன் பஸ். சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு தடையில்லை என்றால் மிச்சமிருப்பது நேரமும் நிறுத்தம் வரை நடப்பதும். பஸ் எத்தனை என்பதைவிட எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, ஷிப்ட் விடும் நேரத்துக்கு உண்டா என்று கேளுங்கள். நடைபாதைக்கு, சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு: தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், உயரம் 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம். நம் ஊரில் முழங்கால் உயரத்துக்குக் கட்டிவைக்கிறார்கள். முட்டிவலிக்காரர் எப்படி ஏறுவார்? ரோட்டில்தான் நடப்பார். தள்ளுவண்டிகளை அகற்றச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து இறங்கும் பெண்ணுக்கு பல நிறுத்தங்களில் இட்லிக் கடை விளக்குதான் துணை. தெருவோர வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

சரி, மேம்பாலம்? பெரும்பாலும் அது நெரிசலை அடுத்த முக்குக்குக் கொண்டுபோய் விடும். கேட்பதானால் கடைசியாகக் கேளுங்கள். மனுவோடு நீங்கள் எண்ணிய தாளையும், சுவர் நிற்கும் இடத்தைச் சிவப்பு மையில் குறித்த வரைபட நகலையும் இணைத்து, மாநகராட்சிக்கு ஒன்று, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.