சொறியைவிட அந்த 3.1 தான் பெரிது

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயன் வீட்டில் இருக்கிறோம். நான் ஆசிரியை. ஹட்டன் பஸ் நிலையத்தருகே கிடந்த ஒரு பெண் நாயைத் தெரிந்தவர் ஒருவர் மீட்டு வைத்திருக்கிறார். உடம்பில் பாதி முடி இல்லை. பின்புறத்துக் கட்டியிலிருந்து இரத்தம் சொட்டுகிறது. உண்ணிக் காய்ச்சலும் இருக்கிறதாம். இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 3.1 என்றார். எனக்கு அதை வளர்க்க ஆசை. வீட்டில் நான்கு வயது மகன் இருக்கிறான், அம்மா கொழுந்து பறிக்கிறார். எடுக்கலாமா?

பதில்: பார்க்கப் பயங்கரமாக இருக்கும் சொறியும் கட்டியும்தான் இந்த நாயின் இலேசான நோய்கள். காகிதத்தில் சத்தமில்லாமல் கிடக்கும் அந்த 3.1, அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவுதான், உங்கள் பணத்தையும் தூக்கத்தையும் கேட்கக்கூடியது.

முதலில் கட்டி. பூக்கோவாப் பூவைப் போலப் பிதுங்கி, தொட்டால் இரத்தம் கசிகிறதென்றால் பெரும்பாலும் அது நாய்களுக்குள் இணைசேரும்போது பரவும் புற்று. ஒரு நாயின் புற்றுச் செல்லே அடுத்த நாயில் ஒட்டி வளர்கிறது, மனிதருக்கு ஒட்டாது. கட்டியில் கண்ணாடித் துண்டை ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். வின்கிறிஸ்டீன் ஊசி கிழமைக்கு ஒன்றாக, பெரும்பாலும் 4 முதல் 6 வரை போட்டால் கரைந்துபோகும். புற்று என்ற சொல்லைக் கேட்டதும் கைவிடப்படும் நாய்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இவ்வளவு எளிதாகக் குணமாகும் புற்று வேறு அதிகமில்லை. ஒவ்வோர் ஊசிக்கும் முன் வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாட்கள் அதன் சிறுநீரையும் வாந்தியையும் கையுறை போட்டுத் துடையுங்கள்.

சொறியில் இரண்டு வகை உண்டு. மயிர்க்காலுக்குள் வாழும் டெமோடெக்ஸ் பூச்சி உங்களைத் தொடாது. காது விளிம்பிலும் முழங்கையிலும் பிடித்து, நாயை இராப்பகலாகச் சொறிய வைக்கும் சார்கோப்டிஸ் வகை மகனின் தோலிலும் அரிப்பைக் கொண்டுவரும். தோலைச் சுரண்டிப் பார்த்தால் எதுவென்று பெரும்பாலும் பிடிபடும். பூச்சி அகப்படாவிட்டாலும் அரிப்பு அதிகமென்றால் சார்கோப்டிஸ் என்றே வைத்து மருந்து கொடுப்போம். இரண்டுக்கும் இப்போது மாத்திரை இருக்கிறது. ஆனால் தயவுசெய்து கழிவு ஒயில் பூசாதீர்கள். ஒருமுறை என் மேசையில் ஏற்றிய நாயின் நான்கு பாதங்களிலிருந்தும் கறுப்பாக வடிந்தது. குளிர் தாங்காமல் நடுங்கியபடியே அந்த ஒயிலை நக்கிக்கொண்டிருந்தது. சொறியோடு வந்திருக்க வேண்டிய நாய் நஞ்சோடு வந்தது.

உண்ணிக் காய்ச்சல் எர்லிக்கியா கிருமியால் வந்ததென்றால் டொக்சிசைக்கிளின் 28 நாட்கள். ஐந்தாம் நாள் நாய் வாலாட்டிச் சோறு தின்றதும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்; நோய் உள்ளேயே தங்கிவிடுகிறது. உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபேசியா என்றால் மருந்து வேறு, அது திரும்பியும் வரலாம். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பெருவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு முழுவதுமே சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். லயன் சுவரின் வெடிப்புகளில் உண்ணி முட்டையிடும், ஆகவே அங்கேயும் மருந்து அடிக்க வேண்டும்.

இனி சிறுநீரகம். கிரியேட்டினின் 2.9 முதல் 5 வரை இருந்தால் நாட்பட்ட நோயின் மூன்றாம் கட்டம் என்பார்கள். ஆனால் அந்தக் கணக்கு உடலில் நீர் வற்றாத, நிலையான நாய்க்குத்தான். தெருவில் பட்டினி கிடந்து நீர் வற்றிய நாய்க்கு எண் ஏறித்தான் இருக்கும். சேலைன் கொடுத்து, காய்ச்சலுக்கும் வைத்தியம் செய்து, இரண்டு மூன்று கிழமை கழித்துச் சிறுநீரோடு சேர்த்து மறுபடி பாருங்கள். 1.6க்கு இறங்கினால் துணிந்து எடுக்கலாம். 3க்கு மேலேயே நின்றால் ஆயுள் முழுவதும் உணவுக் கட்டுப்பாடு, அடிக்கடி இரத்தப் பரிசோதனை என்றாகிவிடும். கருவாட்டுத் தலையும் எலும்பும் கலந்த மிச்சச் சோறு அதற்கு ஆகாது. நம் வீடுகளில் நாய்க்கு விழுவதோ அதுதான். ஒரு சம்பளத்தில் இது முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிறுநீரகம் கெட்ட நாய்க்கு எலிக்காய்ச்சல் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். அது சிறுநீர் வழியாக மனிதருக்கு வரும். காலில் அட்டைக்கடிப் புண்ணோடு மலையிலிருந்து இறங்கும் அம்மாவும், முற்றத்தில் வெறுங்காலோடு ஓடும் மகனும் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போட முடியாது. விசர்நாய்த் தடுப்பூசிக்கு அரசின் இலவச முகாம்கள் நடக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள். இதற்கிடையில் கடித்தாலோ கீறினாலோ ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

இரவில் நாய் வீட்டுக்குள்தான் படுக்க வேண்டும். குளிர் ஒரு காரணம். தேயிலை மலைச் சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை என்பது உங்களுக்கே தெரியும். மெலிந்த நாயால் ஓடவும் முடியாது.

பெரிய பரிசோதனைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. நாயைப் பஸ்ஸில் ஏற்றவிடுவது அரிது என்பதால் ஓட்டோ வாடகையையும் கணக்கில் சேருங்கள். கிழமைக்கு ஓர் ஊசியென்றால் கிழமைக்கு ஒரு வாடகை. ஊசி முடிந்து, இரண்டாவது கிரியேட்டினின் வரும்வரை நாய் மீட்டவரிடமே இருக்கட்டும், செலவில் பாதியை நான் தருகிறேன் என்று பேசிப் பாருங்கள். மகனை அழைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கலாம். முதல் முறை போகும்போதே இரத்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி, 3.1 என்று எழுதிய திகதியில் நாய்க்குச் சேலைன் ஏறியிருந்ததா என்று விசாரியுங்கள்.