காய்ந்த இட்லியும் கூடுதல் பில்லும்: வாசகர் கேள்வி-பதில்

சென்னையில் ஒரு ஸ்டார் ஓட்டலில் தங்கினோம். வாடகையோடு காலை உணவும் சேர்த்தி. பத்து மணிக்கு பஃபேக்குப் போனால் இட்லி காய்ந்திருந்தது, பொங்கல் கட்டிதட்டிக் கிடந்தது, வடை நமத்துப்போயிருந்தது. ஏழரைக்குச் சாப்பிட்டவர்களும் அதே காசுதானே கொடுத்தார்கள்?
– வாசகி, மதுரை

உங்கள் கோபம் நியாயமானது. பஃபேயில் வரிசையாக வைத்திருக்கும் மூடி போட்ட பாத்திரங்களை சேஃபிங் டிஷ் என்பார்கள். அடித்தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு வெந்நீர், அதற்கும் கீழே சின்னதாக ஒரு தீ. அது சமைக்காது, சூட்டைத் தக்கவைக்கும், அவ்வளவுதான். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்தச் சூட்டில் இருந்தால் உணவு கெடாது. ருசிக்கு அது உத்தரவாதம் இல்லை.

ஒவ்வொருவரும் மூடியைத் திறக்கும்போது ஆவி வெளியேறி, மேலே இருக்கும் இட்லியின் தோல் காய்கிறது. மூடினால் மூடியில் கோத்த நீர் சொட்டி, அடுத்த இட்லி சொதசொதக்கிறது. பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் சூட்டில் இருக்கும்வரை தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். விஷயம் தெரிந்த சமையலறையில் பொங்கலைக் கொஞ்சம் தளர இறக்குவார்கள். அரை மணிக்கு ஒருமுறை வெந்நீரும் நெய்யும் விட்டுக் கிளறுவார்கள். வடையை மூடி வைத்தாலே தப்பு. அதன் சூட்டில் கிளம்பும் ஆவியே மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். சிறிது சிறிதாகப் பொரித்து, திறந்த தட்டில் வைக்க வேண்டும். சாம்பார் சுண்டச் சுண்ட உப்புக் கரிக்கும். தேங்காய்ச் சட்னி வெயில் நாளில் இரண்டு மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். அதை மட்டும் நுனிவிரலில் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். கூட்டம் இருக்கும்போது பாத்திரம் சீக்கிரம் காலியாகும், புதிதாக வந்துகொண்டே இருக்கும். முடிகிற நேரத்துக்கு அரை மணி முன்பே, மீந்துவிடும் என்று சமையலறையில் நிரப்புவதை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் போனது அந்த நேரமாக இருந்திருக்கும். அப்போதும் வழி உண்டு. பரிமாறுபவர்களை மேற்பார்த்தபடி அங்கே நிற்கும் கேப்டனிடம், "புதுசா ஒரு தட்டு இட்லி வைக்கச் சொல்றீங்களா?" என்று கேளுங்கள். மாவு இருந்தால் வேக 10, 12 நிமிடம் போதும். பெரும்பாலான இடங்களில் மறுக்க மாட்டார்கள். தோசைக் கல் போட்டிருந்தால் நேராக அங்கே போய் நில்லுங்கள். பஃபேயில் கண்ணெதிரே சூடாக வருவது அது ஒன்றுதான்.

2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டோம். 10% சர்வீஸ் சார்ஜ் என்று 200 ரூபாய், அதற்கும் சேர்த்து ஜிஎஸ்டி. கேட்டால் "எங்க ரூல் சார்" என்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?
– வாசகர், கோவை

வேண்டாம். கேட்காமலே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. வேறு பெயர் சூட்டியும் வாங்கக் கூடாது. உணவக உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28 அன்று வந்த தீர்ப்பு வழிகாட்டுதல் செல்லும் என்றது.

கணக்கைப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜ் இல்லாமல் 2,000 + 5% வரி 100 = 2,100. சேர்த்தால் 2,200 + 110 = 2,310. சார்ஜுக்கு 200, அந்தச் சார்ஜுக்கு வரி 10.

கார்டை நீட்டுவதற்கு முன்பே பில்லைப் படியுங்கள். "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போட்டுக் கொடுங்க" என்று சொன்னால் போதும், சத்தம் போடத் தேவையில்லை. பரிமாறுபவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. டியூட்டி மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவரும் மறுத்தால் பணத்தைக் கட்டி, பில்லைப் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள். பில்லில் 14 இலக்க உணவு உரிம எண் அச்சாகியிருக்க வேண்டும், அதையும் பாருங்கள். மனம் நிறையப் பரிமாறியவருக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அவர் கையிலேயே கொடுங்கள். அந்தப் பணம் நிச்சயம் அவரைச் சேரும்.

வெளியே சாப்பிட்டால் 5% வரி, தங்கிய ஓட்டலுக்குள் சாப்பிட்டால் 18%. ஏன்?
– வாசகர், சேலம்

முந்தைய நிதியாண்டில் அந்த ஓட்டலில் ஏதாவது ஓர் அறையின் ஒருநாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டியிருந்தால், உள்ளே இருக்கும் உணவகத்துக்கு 18%. உங்கள் அறை 5,000 ரூபாயாக இருந்தாலும் இதேதான். அறை வாடகைக்கான வரி தனிக் கணக்கு: 7,500 வரைக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 5%, அதற்கு மேல் 18%. எனவே அறைக்கு 5 சதவீதமும் சாப்பாட்டுக்கு 18 சதவீதமும் ஒரே பில்லில் வருவது தவறல்ல.

20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 80 ரூபாய் போட்டார்கள். எம்ஆர்பி என்று ஒன்று இல்லையா?
– வாசகி, திருச்சி

மேசையில் பரிமாறும்போது அந்த வரம்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. மூடி திறந்த பிறகு வாதாடிப் பயனில்லை. உட்கார்ந்ததுமே "சாதா தண்ணி போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்கு முந்திரி ஒவ்வாமை. ஓட்டலில் சாப்பிட வைக்கப் பயமாக இருக்கிறது.
– வாசகி, வேலூர்

பயப்படக் காரணம் உண்டு, ஏனென்றால் முந்திரி கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது. குருமா, பனீர் பட்டர் மசாலா, வெள்ளை கிரேவி எல்லாம் முந்திரி விழுதில் கெட்டிப்படுபவை. பொங்கல், கேசரி, ரவா உப்புமாவில் தாளிப்பிலேயே விழுகிறது. "மேலே தூவாதீங்க" என்றால் போதாது. "அரைச்சும் சேர்க்கக் கூடாது, குழந்தைக்கு ஆகாது" என்று சொல்லுங்கள். ஆர்டர் எடுப்பவர் எழுதும் கே.ஓ.டி. சீட்டுதான் சமையலறைக்குப் போகிறது. வாயால் சொன்னது வழியில் மறந்துபோகும். சீட்டில் எழுதச் சொல்லி, திரும்பப் படித்துக் காட்டவும் சொல்லுங்கள்.

பஃபேயை அடியோடு தவிருங்கள். குருமாவில் இருந்த கரண்டி சாம்பாருக்கு மாறுவதை அங்கே யாரும் கவனிப்பதில்லை. இட்லியை சமையலறையிலிருந்து தனித் தட்டில் வாங்குங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து அறைப் பெட்டியில் இல்லாமல் சாப்பாட்டு மேசையில் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.