மைக் பிடித்தால் ஓட்டு விழுமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் பகுதியில் ஒருவர் பேசினால் தக்கலை பஸ் நிலையமே நின்று கேட்கிறது. 'முகம்தான் ஓட்டு' என்று அவரை வேட்பாளராக்கப் பார்க்கிறார்கள். முகத்துக்கு எத்தனை ஓட்டு என்று அளக்க வழி உண்டா?

வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

முகத்துக்கு ஓட்டு உண்டு. ஆனால் அது கட்சி ஓட்டுக்கு மேல் சேருவது. பாஜகவின் எம்.ஆர்.காந்தியின் எளிமையை, செருப்பில்லாத அந்தக் கால்களை, எதிர்க்கட்சிக்காரரும் மதிப்பார். 2016இல் நாகர்கோவிலில் திமுகவின் சுரேஷ்ராஜனிடம் தோற்றார். 2021இல் அதே சுரேஷ்ராஜனை ஜெயித்தார். இடையில் மனிதர் மாறவில்லை, அதிமுக கூட்டணி வந்திருந்தது.

அளக்கவும் வழி இருக்கிறது. 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத்துக்கும், கன்னியாகுமரி எம்.பி. வசந்தகுமார் மறைவால் வந்த மக்களவை இடைத்தேர்தலுக்கும் சேர்த்தே ஓட்டுப் போட்டோம். குளச்சலிலும் விளவங்கோட்டிலும் இரண்டு மெஷினிலும் கையும் தாமரையும் இருந்தன. தேர்தல் துறை இணையதளத்தில் பூத் வாரியாக ஓட்டுக் கணக்கு தரும் படிவம் 20ஐ எடுத்து, ஒரே பூத்தில் ஒரே சின்னத்துக்கு விழுந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சட்டமன்றத்தில் 430, மக்களவையில் 395 என்றால் அந்த 35தான் ஆளுக்காக நகர்ந்த ஓட்டு. தபால் ஓட்டைச் சேர்க்காதீர்கள், அது பூத் வாரியாக வராது. வேட்பாளரின் சொந்த ஊர் பூத்துகளைத் தனியாக வையுங்கள்; அங்கே வித்தியாசம் பெரும்பாலும் பெரிதாக இருக்கும், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்று முக்கியம்: இது இரண்டு வேட்பாளர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி. இருவருமே ஈர்ப்புள்ளவர்கள் என்றால் பூஜ்யம்தான் காட்டும்.

உங்கள் பேச்சாளர் விஷயத்துக்கு வருகிறேன். தக்கலை பஸ் நிலையத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் குளச்சல், விளவங்கோடு தொகுதிக்காரர்களாக இருக்கலாம். தக்கலை அடங்கிய பத்மநாபபுரம் தொகுதியில் ஓட்டுள்ளவர் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. ஆயிரம் ஓட்டுள்ள பூத் என்றால் ஏறக்குறைய 300 வீடு. ஐந்து பேர் ஆளுக்கு 60 வீடு பிரித்துக்கொண்டு, வாக்காளர் பட்டியலில் 'உறுதி', 'சந்தேகம்', 'எதிர்' என்று குறிக்க வேண்டும். வளைகுடாவில் இருப்பவர்கள், ஆழ்கடலுக்குப் போனவர்கள் பெயரை முதலிலேயே கழித்துவிடுங்கள்; இந்த மாவட்டத்தில் அதைச் செய்யாத கணக்கு கணக்கே அல்ல. வேட்பாளர் போகவேண்டியது 'சந்தேகம்' வீடுகளுக்கு மட்டும்தான். நடப்பது நேர்மாறு: சால்வை போடும் வீட்டுக்கே மூன்று முறை கூட்டிக்கொண்டு போகிறார்கள். கேட்கவைக்கத் தெரிந்த ஒரு மனிதரை ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டவர்களிடமே பேசவைத்து வீணாக்குவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அவர் பூத்தில் அந்த ஐந்து பேர் இருக்கிறார்களா? முதலில் அதை விசாரியுங்கள்.