எல்லாரும் போர்வீரர் ஆகிவிட்டால் சங்கு குளிப்பது யார்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்து இரவுகளில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து ஆடுகிறோம். கதை எங்கள் கரையிலேயே நடக்கிறது. சங்குகுளிகாரர், கடல்பாசி எடுக்கும் பெண், மீன் ஏலம் விடுபவர் என்றெல்லாம் பாத்திரங்களை நினைத்துவைத்தோம். தாளில் எழுதி முடித்தால் எல்லாரும் கத்தி பிடித்த போர்வீரராகவே வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் புதிய கிளாஸ், அதாவது பாத்திர வகை, எழுதத்தான் வேண்டுமா?
– கல்லூரி மாணவர், பாம்பன்

பதில்: வேண்டாம். புதிய கிளாஸ் என்றால் பாத்திரம் வளரும் 20 நிலைகளுக்கும் திறன்களை வகுத்து, மற்ற கிளாஸ்களோடு எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அதற்குள் தடைக்காலமே முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விடும். உங்கள் சிக்கலுக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது அதில் போர்வீரர், மந்திரவாதி, மதகுரு என்று மூன்றே கிளாஸ்கள் இருந்தன. திருடர் 1975இல் வந்த துணை நூலில்தான் சேர்ந்தார். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்த ஆட்டம் என்பதால், சண்டை நடக்கும் இடத்தில் விதிகள் அடர்ந்தும் மற்ற இடங்களில் மெலிந்தும் கிடக்கின்றன. உங்கள் பாத்திரங்களின் பிழைப்போ அந்த மெலிந்த இடங்களில் நடக்கிறது. ஆகவே, ஒவ்வொரு பாத்திரத்தின் பிழைப்பும் எந்த ஒரு விதியின்மேல் நிற்கிறதோ அந்த விதியை மட்டும் மாற்றுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள்.

சங்குகுளிகாரருக்கு அது மூச்சு. பாத்திரத்தின் உடலுறுதி, வலிமை, வசீகரம் போன்ற பண்புகளை எண்ணால் அளப்பார்கள்; அந்த எண்ணிலிருந்து, பகடையோடு கூட்டிக்கொள்ளும் ஒரு சிறு கூட்டெண் கிடைக்கும். ஐந்தாம் பதிப்பின்படி ஒருவர் 1 நிமிடத்தோடு தம் உடலுறுதிக் கூட்டெண்ணையும் சேர்த்து அத்தனை நிமிடம் மூச்சடக்கலாம். உடலுறுதி 14 என்றால் கூட்டெண் 2, ஆக 3 நிமிடம். ஆட்டத்தில் ஒரு சுற்று 6 விநாடி என்பதால் இது 30 சுற்று. உடலுறுதி 10 மட்டுமே உள்ள கரைவாசிக்குக்கூட 10 சுற்று கிடைத்துவிடும். பெரும்பாலான சண்டைகள் அதற்குள் முடிந்துவிடுகின்றன. அப்படியானால் தண்ணீருக்கடியில் மூச்சு என்பது யாருக்கும் ஒரு கவலையே இல்லை. கவலை இல்லாத இடத்தில் சங்குகுளிகாரருக்கு என்ன தனிச்சிறப்பு இருக்க முடியும்?

நான் பரிந்துரைப்பது இது. நிமிடக் கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் 3உடன் உடலுறுதிக் கூட்டெண்ணைச் சேர்த்து ‘மூச்சு’ என்று ஒரு கையிருப்பைக் கொடுங்கள். நீருக்கடியில் ஒரு சுற்றில் நகர்ந்தால் 1 மூச்சு, தேடுதல், வெட்டுதல் போன்ற செயல் செய்தால் இன்னொரு 1 மூச்சு செலவாகும். சங்குகுளிகாரருக்கு மட்டும் நகர்வதற்குச் செலவில்லை. உடலுறுதி 14 உள்ள இருவர் 5 மூச்சோடு இறங்குவதாக வைத்துக்கொள்வோம்: கரைவாசி இரண்டு சுற்று தேடியதும் 4 போய், மேலே வருவதற்கான 1 மட்டும் கையில் நிற்கும், சங்குகுளிகாரர் ஐந்து சுற்று தேடிவிட்டுச் செலவில்லாமல் மேலே வருவார். இதற்கு ஈடாக, போர்வீரர் முதல் நிலையில் பெறும் சண்டைப் பாணியை அவர் விட்டுக்கொடுக்கட்டும். ஆட்டம் நடத்துபவருக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு: கடலுக்குள் இறங்கும் வேலை அடிக்கடி வராவிட்டால் அந்த ஆட்டக்காரர் கொடுத்தது மட்டும்தான் மிச்சம், பெற்றது ஒன்றும் இருக்காது. நீருக்கடியில் குத்துவாள், ஈட்டி, திரிசூலம் போன்ற சில ஆயுதங்களே தடையின்றிப் பயன்படும் என்று விதிநூலே சொல்வதால், அவருடைய சிறு கத்திக்கு நீங்கள் தனி விதி எழுத வேண்டியதில்லை.

பாசி எடுக்கும் பெண்ணை இன்னொரு சங்குகுளிகாரராக்கிவிடாதீர்கள். பலரும் வழுக்கும் இடம் இது. அவர் குழுவாகப் போய், ஆழம் குறைந்த பாறைப்பகுதியில் மணிக்கணக்கில் நீரில் கிடந்து வேலை செய்பவர். அவருக்கு ஒரே மூச்சைவிட நீண்ட தாக்குப்பிடிப்புதான் முக்கியம். நீச்சலுக்கு வழக்கமாக வலிமையோடு அத்லெட்டிக்ஸ் திறனைச் சேர்ப்பார்கள். வலிமைக்குப் பதில் உடலுறுதியைச் சேர்க்கலாம் என்றும் விதிநூல் இடம் தருகிறது. அதற்கு அது காட்டும் எடுத்துக்காட்டே ஒரு தீவிலிருந்து கரைக்கு நீந்தி வருவதுதான். குருசடைத் தீவைப் பார்த்தபடி வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. காலில் கட்டும் தகட்டையும் விரலில் சுற்றும் துணியையும் அலங்காரமாக விட்டுவிடாமல் விதிக்குள் கொண்டுவாருங்கள்: தகடு கட்டியிருந்தால் நீச்சலில் வேகம் பாதியாகாது, கரையேறியதும் அதைக் கழற்ற ஒரு செயல் செலவாகும்.

ஏலக்காரருக்கு ஒரு விதியையும் மாற்ற வேண்டாம். திருடர் கிளாஸை எடுத்து, முதல் நிலையிலேயே இரண்டு திறன்களில் பயிற்சிக் கூட்டெண்ணை இரட்டிப்பாக்கும் வசதியை, பேசி இணங்கவைக்கும் திறனுக்கும் ஆள் மனத்தை அளக்கும் திறனுக்கும் கொடுங்கள். கூட்டெண் 2 என்பது 4 ஆகும். வசீகரம் 16 இருந்தால் அதற்கு 3. ஆக 7ஐக் கூட்டிக்கொண்டு பகடை உருட்டுபவரை எந்த வியாபாரியும் எளிதில் மறுத்துப் பேச முடியாது. திருடரின் மறைதாக்குதலுக்கு ஒளிந்திருப்பது கட்டாயமில்லை. எதிரிக்கு அருகில் நம் ஆள் ஒருவர் நின்றாலே அது செல்லும். எதிராளியின் கவனம் சிதறிய நொடியில் குத்துவது, நூறு பேர் சத்தத்துக்கு நடுவே கண்சாடையைப் பிடிக்கத் தெரிந்தவருக்குப் பொருந்தாதா?

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் வெளியானதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு உங்கள் மாற்றங்களோடு அதைத் தமிழில் அச்சிட்டும் கொடுக்கலாம்.

கேள்வி: மூன்று பகடை உருட்டி எண்களைக் கூட்டிப் பாத்திரத்தின் பண்புகளை அமைத்தால் எல்லாமே 10, 11 என்று சாதாரணமாக வருகிறது. வித்தியாசமான பாத்திரங்கள் கிடைக்க எந்த முறை நல்லது?
– இல்லத்தரசி, கீழக்கரை

பதில்: உங்கள் பகடையில் குறையில்லை. மூன்று பகடையில் 216 விளைவுகள் உண்டு. அவற்றில் 54இல், அதாவது கால் பங்கில், 10 அல்லது 11தான் வரும். 18 ஒரே ஒரு விளைவில்தான் வரும். நான்கு உருட்டிச் சிறியதை விட்டுவிட்டால் சராசரி 10.5இலிருந்து 12.2க்கு ஏறும்; ஆனால் எல்லாரும் கொஞ்சம் பலசாலி ஆவார்களே தவிர, ஒருவரிலிருந்து மற்றவர் வேறுபட மாட்டார். 15, 14, 13, 12, 10, 8 என்ற நிலையான ஆறு எண்களை எல்லாருக்கும் கொடுத்து, எதை எந்தப் பண்புக்கு வைப்பதென்று அவரவரே முடிவு செய்யட்டும் என்பதே என் கட்சி. அந்த 8ஐ எங்கே வைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அங்கேதான் பாத்திரத்துக்கு உயிர் வருகிறது.

கேள்வி: மீனவர், உப்பளத் தொழிலாளி, பனையேறி என்று தொழிலையே கிளாஸ் ஆக்கினால், பிறப்பை வைத்து ஆளை அளக்கும் வழக்கத்தை ஆட்டத்திலும் கொண்டுவந்ததாக ஆகாதா?
– ஆசிரியர், தொண்டி

பதில்: ஆகும், நீங்கள் அஞ்சுவது சரியே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்திலேயே இன்ன இனத்தில் பிறந்தவருக்கு இன்ன பண்பில் கூடுதல் எண் என்ற ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அந்தக் கூடுதல் எண்கள் பிறப்பிலிருந்து பின்னணிக்கு, அதாவது அந்த ஆள் செய்துவந்த வேலைக்கு, மாற்றப்பட்டன.

இதைவிட நல்ல வழி 1977இல் வந்த ‘டிராவலர்’ ஆட்டத்தில் இருக்கிறது. அதில் பாத்திரத்தின் வாழ்க்கை 18 வயதில் தொடங்கி நான்கு நான்கு ஆண்டுகளாக நகரும். ஒவ்வொரு கட்டத்திலும் திறன்கள் சேரும், பகடை சரியாக விழாவிட்டால் ஆட்டம் தொடங்குமுன்னே பாத்திரம் செத்தும் போகலாம். சாவை நீக்கிவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம். நாட்டுப்படகு, விசைப்படகு, வாலிநோக்கம் உப்பளம், பனைமரம், கருவாட்டுக் கொட்டகை, வளைகுடா வேலை என்று கட்டங்களை எழுதிவையுங்கள். எந்த வீட்டுப் பிள்ளையும் எந்தக் கட்டத்துக்குள்ளும் போகலாம். ஒவ்வொரு கட்டமும் ஒரு திறனையும் ஓர் அறிமுகத்தையும் தரட்டும். பகடை தவறினால் படகு முதலாளியான சம்மாட்டியிடம் கடனோ ஆறாத காயமோ சேரட்டும். நாட்டுப்படகில் ஒன்றாகத் தொடங்கிய இருவரில் ஒருவர் உப்பளம் போய்க் கண் கூசும் நோயோடும், மற்றவர் வளைகுடா போய் இயந்திரம் பழுதுபார்க்கும் கையோடும் 26 வயதில் உங்கள் மேசைக்கு வருவார்கள். அவர்களை வேறுபடுத்த இனி கிளாஸ் பெயர்கூடத் தேவைப்படாது.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரத்தில் ஆடி முடிக்க எளிய விதி உண்டா?
– நூலகர், மண்டபம்

பதில்: 2010இல் வந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்டு’ ஆட்டத்தின் முறை போதும். இரண்டு சாதாரணப் பகடை. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை என்றால் ஏதோ ஒன்றை இழந்து வெற்றி, 6க்குள் என்றால் நிலைமை மோசமாகும். கூட்டெண் எதுவும் இல்லாமல் உருட்டினால், 36 விளைவுகளில் முழு வெற்றிக்கு 6, மற்ற இரண்டுக்கும் 15, 15. காற்று மாறும்போது படகைத் திருப்பும் பிள்ளைக்கு 8 விழுந்தால் படகு திரும்பும், வலை அறுந்துபோகும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அரைத் தாளில், அவரால் மட்டுமே முடிகிற இரண்டு காரியங்களை எழுதிக்கொடுங்கள். இருவர் தாளில் ஒரே காரியம் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.