அத்தைக்கு வருகிற படபடப்புக்குக் கெட்டுப்போன பொடிதான் காரணமா?

கேள்வி: எங்கள் ஊர் செங்கோட்டைப் பக்கம் புளியரை. புறவாசலில் துளசி, கற்பூரவல்லி, ஆடாதோடை, நிலவேம்பு, கீழாநெல்லி நிற்கின்றன. வேலியில் சிறுகுறிஞ்சான் கொடி. ஆனி மாதம் எல்லாவற்றையும் மொத்தமாகப் பறித்து, காயவைத்து, மிக்சியில் அரைத்து டப்பாக்களில் போட்டு வைத்தேன். இப்போது சில பொடிகள் கட்டிதட்டிப் பூசண வாடை அடிக்கின்றன. என் மாமியாருக்கு 68 வயது, சுகர் உண்டு. காலையில் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரை போடுகிறார்கள். மூன்று வாரமாக, கூடவே சிறுகுறிஞ்சான் பொடி ஒரு ஸ்பூன் வீதம் இரண்டு வேளை தருகிறேன். பத்து நாளாகப் பதினொரு மணி வாக்கில் வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வருகிறது. பொடி கெட்டுப்போனதால்தானா? புதிதாக அரைத்துத் தரலாமா? மூலிகையைக் கெடாமல் எப்படி வைப்பது? கேரளத்தில் புனலூரில் இருக்கும் என் மகள் தன் 8 மாதக் குழந்தைக்குச் சளிக்குத் துளசிச் சாற்றைத் தேனில் குழைத்துத் தருகிறாள். அது சரிதானா?

பதில்: முதலில் உங்கள் அத்தையைப் பார்ப்போம், டப்பாக்கள் அப்புறம். சிறுகுறிஞ்சான் பொடியை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பூசண வாடை அடிப்பதை மட்டுமல்ல, நன்றாக இருப்பதையும்தான். புதிதாக அரைத்தும் தர வேண்டாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பொடி கெட்டுப்போய் இப்படி ஆகிறது என்று நினைக்கிறீர்கள். எனக்கு என்னவோ பொடி வேலை செய்வதால்தான் ஆகிறது என்று படுகிறது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சாப்பாடு தாமதமானாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். சிறுகுறிஞ்சானும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. இரண்டும் ஒரே காலையில் உள்ளே போனால், பதினொரு மணிக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வருவதில் ஆச்சரியம் இல்லை. சர்க்கரை தாழ்ந்துபோவதன் அடையாளம் இது. இதில் ஆடி வெள்ளி என்று பட்டினியும் கிடந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்து அத்தைமார்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்த முறை படபடப்பு வரும்போது வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் தாழ்நிலை. மீட்டர் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்; தெளியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகு இட்லியோ சோறோ சாப்பிட வையுங்கள். இந்த மாத்திரையின் வேகம் மணிக்கணக்கில் இருப்பதால் அன்று முழுவதும் ஆளைத் தனியே விடக் கூடாது. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சீனித் தண்ணீர் கொடுக்கும்போது அத்தை “இது இனிக்கவே இல்லையே” என்று சொன்னால் பயப்பட வேண்டாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாட்களில் எங்கள் ஆசிரியர் ஒருவர் ஆளுக்கொரு சிறுகுறிஞ்சான் இலையைக் கொடுத்து மெல்லச் சொன்னார். ஒரு நிமிடம் கழித்து நாக்கில் சீனியை வைத்தார். மணலை வைத்த மாதிரி இருந்தது. பல்லில் நறநறவென்றது, இனிப்பு துளிகூட இல்லை. இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்புச் சுவையைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடுகின்றன. சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் அதனால்தான். உங்கள் மகள் வீட்டுப் பக்கம் சக்கரக்கொல்லி என்பார்கள். நாக்குக்குத் தெரியாவிட்டாலும் ரத்தத்தில் சீனி ஏறத்தான் செய்யும்.

இந்த வாரத்துக்குள் சுகர் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பொடி டப்பாவையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். 68 வயதில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதற்குக் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் மந்தமாக இருந்தால் மாத்திரை உடம்பில் அதிக நேரம் தங்கும். “நாட்டு மருந்து தந்தேன் என்றால் திட்டுவார்” என்று மறைக்காதீர்கள். நான் சித்த மருத்துவன்தான், ஆனாலும் மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்கிற பேச்சை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இனி டப்பாக்கள். வாடை அடிக்கிற பொடியைச் சலித்தோ, வெயிலில் காட்டியோ, கொதிக்க வைத்தோ காப்பாற்ற முடியாது. ஈரம் பட்ட பொருளில் வளரும் சில பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும், அடுப்புச் சூட்டிலும் முழுதாக அழியாது. ஆகவே குப்பைக்குழிதான். கொட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கோழிக்கும் போடாதீர்கள், அதற்கும் அது நஞ்சு.

நீங்கள் செய்ததில் முக்கியமான பிழை மாதம்தான். ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் உள்ளே வந்துவிடும். துவைத்த வேட்டியே மூன்று நாளானாலும் நசநசவென்று இருக்கிற ஊரில் இலை எப்படிக் காயும்? மேலே காய்ந்த மாதிரி இருக்கும், நரம்பில் ஈரம் நிற்கும். அதை அரைத்து மூடினால் பூசணத்துக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. சிறுகுறிஞ்சான் போலப் பல ஆண்டு நிற்கும் கொடிகளை மாசி, பங்குனியில் பறிக்கலாம். மழையோடு முளைத்து வரும் கீழாநெல்லியைக் கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மார்கழிக் கடைசி, தை வாக்கில் எடுங்கள்.

காலையில் பனி ஈரம் உலர்ந்த பிறகு பறித்து, அலசி, உதறி, நிழலில் போடுங்கள். வெயிலில் போட்டால் துளசியின் மணம் போய்விடும். அந்த மணத்தில்தான் அதன் மருந்தே இருக்கிறது. சுளகில் குவித்து வைத்தால் உள்ளே புழுங்கிக் கறுக்கும். கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டியை விரித்து ஒரு அடுக்காகப் பரப்புங்கள், அடியிலிருந்தும் காற்று ஏறும். கையில் எடுத்து நசுக்கினால் சரசரவென்று நொறுங்க வேண்டும், காம்பு சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிறகு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு வாரம் பாருங்கள். உள்பக்கம் பனி பூத்த மாதிரி ஆனால் திரும்பவும் எடுத்துக் காயப் போட வேண்டும்.

பொடி செய்து வைக்கவே செய்யாதீர்கள் என்பேன். இலையாகவே இருக்கட்டும், தேவைப்படும்போது பத்துப் பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். சித்த மருத்துவக் கணக்கில் சூரணம் என்கிற பொடிக்கு ஆயுள் மூன்று மாதம், குடிநீர் என்கிற கஷாயத்துக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். காலையில் வைத்த கஷாயத்தை ராத்திரி சுடவைத்துக் குடிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று, அரைத்துவிட்டால் எல்லாமே பச்சைப் பொடிதான், எது கீழாநெல்லி எது ஆடாதோடை என்று எனக்கே பார்த்துச் சொல்ல முடியாது. இலையாக இருந்தால் ஒரு பார்வையில் தெரியும். பாட்டிலில் பெயரும் பறித்த தேதியும் ஒட்டுங்கள். உங்கள் வீட்டில் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர் இரண்டும் புழங்கும், செங்கோட்டைப் பக்கம் 1956 வரை மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளத்தோடு இருந்ததுதானே. மகள் வந்து எடுத்தாலும் தெரிய ஆடாதோடைக்கு ஆடலோடகம், கற்பூரவல்லிக்குப் பனிக்கூர்க்க என்று சேர்த்தே எழுதிவிடுங்கள்.

உண்மையில் பாதிச் செடிகளுக்குப் பாட்டிலே தேவையில்லை. கற்பூரவல்லி இலை முழுக்க நீர், காயவைத்தால் சருகுதான் மிஞ்சும். துளசியும் ஆடாதோடையும் வருடம் முழுக்க நிற்கின்றன, கஷாயம் வைக்கிற அன்று பறித்தால் போயிற்று. பருவம் முடிந்தால் கிடைக்காத நிலவேம்பையும் கீழாநெல்லியையும் மட்டும் காயவையுங்கள். ஆடாதோடை இருமலுக்கு நல்ல மருந்து; கடையில் விற்கும் இருமல் மருந்தான புரோம்ஹெக்சின் அதன் வாசிசின் என்ற சத்தைப் பார்த்து உருவானதுதான். ஆனால் கர்ப்பப்பையைச் சுருக்கக்கூடியது என்பதால் வயிற்றில் பிள்ளை இருப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை: கண் மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் கீழாநெல்லி. பித்தக்குழாயில் கல் அடைத்த காமாலைக்குப் பால் கலந்து குடித்துக்கொண்டே நாள் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேரக்குழந்தைக்குத் தேன் வேண்டாம் என்று இன்றைக்கே மகளுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். ஒரு வயது நிறையும் வரை எந்தத் தேனும் கூடாது, காட்டுத்தேனாக இருந்தாலும் சரி. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்து நமக்கு ஒன்றும் செய்யாது, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கித் தசைகளைத் தளர வைக்கும். இப்போதைக்குத் துளசிச் சாறும் வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கட்டும், மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து போதும். சட்டையைக் கழற்றி மூச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் போய்விட வேண்டும்.