கரண்ட்டில் குளிர்கிறது, கேஸில் குளிரவில்லை: கேம்பிங் ஃபிரிட்ஜ் கேள்வி–பதில்

கேள்வி: முகாமுக்கு எடுத்துச்செல்லும் 40 லிட்டர் ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறேன். வீட்டு கரண்ட்டில் நன்றாகக் குளிர்கிறது. கேஸில் தீ பற்றுகிறது, அணையாமல் எரியவும் செய்கிறது. ஆனால் எட்டு மணி நேரம் கழித்தும் உள்ளே வைத்த தண்ணீர் அப்படியே இருக்கிறது. ‘கூலிங் யூனிட் போய்விட்டது, புதிது வாங்குங்கள்’ என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை, வாங்க வேண்டாம். கரண்ட்டில் குளிர்கிறது என்பதே கூலிங் யூனிட் நன்றாக இருப்பதற்குச் சான்று. இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. பின்பக்கக் குழாய்களில் அமோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் அடைபட்டிருக்கின்றன. அடியில் ஒரு குழாயைச் சூடாக்கினால் தண்ணீரிலிருந்து அமோனியா ஆவியாகப் பிரிந்து மேலே போய், குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜனுடன் கலக்கும் இடத்தில் மறுபடி ஆவியாகி உள்ளிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. கரண்ட்டில் ஓடும்போது அந்தக் குழாயை ஹீட்டர் கம்பி சூடாக்குகிறது. கேஸில் ஓடும்போது தீ சூடாக்குகிறது. மற்றதெல்லாம் ஒன்றே. ஆகவே உங்கள் ஃபிரிட்ஜில் தேட வேண்டிய இடம் பர்னரிலிருந்து புகைக்குழாயின் உச்சி வரை உள்ள அந்த ஒரு சாண், ஒரு முழ தூரம் மட்டும்தான்.

முதலில் தீயை நிழலில் வைத்துப் பாருங்கள். நீலமாக, ஆடாமல் நிமிர்ந்து எரிய வேண்டும். மஞ்சள் கலந்திருந்தால் காற்று போதவில்லை. நீலமாகவே இருந்து, பொட்டு அளவுக்குச் சுருங்கியிருந்தால் ஜெட் (கேஸ் வெளிவரும் மயிரிழைத் துளையுள்ள சிறு பாகம்) அடைத்திருக்கிறது, அல்லது கேஸ் அழுத்தம் குறைவு. தீ சரியாகத் தெரிந்தும் குளிரவில்லையென்றால் சந்தேகம் புகைக்குழாய்க்குப் போகிறது.

சிலிண்டரை மூடி, ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பின்மூடியைக் கழற்றுங்கள். புகைக்குழாயின் வாயில் ஒரு கம்பி தெரியும். அதன் நுனியில் முறுக்கிய தகடு ஒன்று குழாய்க்குள் தொங்கும். பலர் இதைக் குப்பை என்று எண்ணி எடுத்துப் போட்டுவிடுகிறார்கள், அல்லது சுத்தம் செய்தபின் திரும்ப மாட்ட மறந்துவிடுகிறார்கள். கேஸில் குளிராமல் போவதற்கு இது ஒன்றே போதும். சூடான காற்றைச் சுழற்றிக் குழாயின் சுவரில் மோதவைப்பது அந்தத் தகடுதான். அது இல்லாவிட்டால் சூடு நேராக மேலே ஓடிவிடும். உயரமும் முக்கியம்: மேலே ஏறியிருந்தால் சூடு தவறான இடத்தில் இறங்கும், கீழே தாழ்ந்திருந்தால் தீயில் பட்டுக் கரி பிடிக்கும். எடுக்கும் முன் கம்பி எங்கே கொக்கி போட்டிருக்கிறது என்று படம் எடுத்து வையுங்கள்.

தகட்டை எடுத்தபின் குழாயின் அளவுக்குப் பொருந்தும் நீளப் பிரஷை மேலிருந்து விட்டுக் கரியைத் தள்ளுங்கள். கரி முழுவதும் பர்னர்மேல்தான் கொட்டும். அதனால் புகைக்குழாய் முதலில், பர்னர் பிறகு. வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு. பர்னரின் காற்றுத் துளைகளை உலர்ந்த பல் பிரஷால் தேயுங்கள். மாதக்கணக்கில் சும்மா இருந்த ஃபிரிட்ஜில் சிலந்தி கூடு கட்டியிருப்பது சகஜம்.

கடைசியாக ஜெட். ஒரு ஸ்பானரால் குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் மரையைத் திருப்புங்கள்; ஒற்றை ஸ்பானரில் மெல்லிய குழாய் முறுக்கிக்கொள்ளும். ஜெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து, தீ வரும் பக்கத்திலிருந்து காற்றடித்து உலர்த்துங்கள். ஊசி, கம்பி எதையும் துளைக்குள் விடாதீர்கள். துளை மயிரிழை பெரிதானாலும் கேஸ் அதிகமாகப் பாயும், தீ மஞ்சளாகும், மறுபடி கரி. சுத்தம் செய்தும் தேறவில்லையென்றால், ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி அதே எண்ணில் புதிது வாங்கிப் போடுங்கள்.

திரும்பப் பூட்டியதும் சோப்புத் தண்ணீர்ச் சோதனை. இதில் ஒரு நுணுக்கம்: வால்வுக்கும் ஜெட்டுக்கும் இடையிலுள்ள இணைப்பில் பர்னர் எரியும்போது மட்டுமே கேஸ் அழுத்தம் இருக்கும். அந்த மூட்டை எரியவிட்டுத்தான் சோதிக்க வேண்டும், பர்னர் நனையாமல். குமிழி வந்தால் உடனே சிலிண்டரை மூடுங்கள்.

கேள்வி: குமிழை அழுத்திப் பிடித்திருக்கும்வரை எரிகிறது. விட்டதும் அணைந்துவிடுகிறது. டேப் ஒட்டி அழுத்தியே வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. தீ அணைந்தால் கேஸை நிறுத்துவதற்காகவே அந்தக் குமிழின் வால்வு இருக்கிறது. ஒட்டி வைத்தால், காற்றில் தீ அணைந்த பிறகும் கேஸ் கொட்டிக்கொண்டே இருக்கும்.

தீயில் நுனியை நீட்டிக்கொண்டிருக்கும் தெர்மோகப்பிள், சூடானதும் சுமார் 20 முதல் 30 மில்லிவோல்ட் மின்னழுத்தம் தருகிறது. வால்வுக்குள் இருக்கும் சிறு காந்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். தீ பற்றியபின் 20, 30 விநாடி பிடித்துப் பாருங்கள். அப்படியும் தீ நிலைக்கவில்லையென்றால் தெர்மோகப்பிளின் நுனி தீக்குள் இருக்கிறதா, வளைந்து விலகியிருக்கிறதா என்று கவனியுங்கள். நுனியில் கரி இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடையுங்கள். மறுமுனை வால்வில் இணையும் இடத்தையும் துடைத்து, கையால் இறுக்கியபின் கால் சுற்று மட்டும் ஸ்பானரால் இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் உள்ளே இருக்கும் காப்பு நசுங்கி ஷார்ட் ஆகிவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தெர்மோகப்பிளைத் தனியாகக் கழற்றி, நுனியை லைட்டரால் சூடாக்கி, மறுமுனையிலுள்ள பொட்டுக்கும் செம்புக் குழாய்க்கும் இடையே அளந்து பாருங்கள். ஒரு நிமிடத்தில் 20 மில்லிவோல்ட்டைத் தொடவில்லையென்றால் மாற்றிவிடலாம். தொட்டும் தீ நிலைக்கவில்லையென்றால் வால்வின் காந்தம் பழுது. அதைப் பிரிக்காதீர்கள், வால்வை மாற்றும் வேலை கேஸ் மெக்கானிக்குடையது.

கேள்வி: புது சிலிண்டர் மாட்டினால் பற்றவே மாட்டேன் என்கிறது. நாலைந்து முறைக்குப் பிறகு பற்றுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. குழாயில் காற்று நிறைந்திருக்கிறது. மயிரிழைத் துளை வழியாக அது வெளியேற ஓரிரு நிமிடம் ஆகும். குமிழை அழுத்திப் பிடித்தபடி இடைவெளி விட்டுப் பொறி தட்டுங்கள். பொறியே வரவில்லையென்றால் மின்முனைக்கும் பர்னருக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா, மின்முனையின் பீங்கான் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கேம்பிங் அடுப்பின் ரெகுலேட்டரையே ஃபிரிட்ஜுக்கும் போடலாமா? குளிர்ப் பிரதேசத்தில் தீ ஏன் சோர்ந்துபோகிறது?

பதில்: ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தகட்டில் எத்தனை மில்லிபார் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 30, பழைய மாடல்கள் சிலவற்றில் 50. அதே எண் ரெகுலேட்டரிலும் இருக்க வேண்டும். உயர் அழுத்த அடுப்பின் ரெகுலேட்டரை மாட்டினால் தீ பொங்கும், வால்வு கெடும், ஆபத்தும் உண்டு.

குளிரில் சோர்வது சிலிண்டரில் உள்ள கேஸின் குணம். பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸில். புரொப்பேன் மைனஸ் 42-ல். வெளிக்குளிர் 0 டிகிரியை நெருங்கினால் பியூட்டேன் சிலிண்டருக்குள் திரவமாகவே கிடக்கும். புரொப்பேனுக்கு மாறுங்கள், அதற்கு உங்கள் தகடு அனுமதித்தால். சிலிண்டரைச் சூடாக்க முயல வேண்டாம்.

கேள்வி: இரவில் கூடாரத்துக்குள்ளேயே கேஸில் ஓடவிடலாமா? தீயும் சின்னதுதானே?

பதில்: வேண்டாம். சின்னத் தீயும் மூடிய இடத்தில் பிராணவாயுவைக் குறைத்து கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு வாசனை கிடையாது. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜின் இடம் திறந்தவெளி. நிழலில், பலத்த காற்று படாமல், அதே சமயம் பின்பக்கம் காற்றோட்டத்துடன் வையுங்கள். வெளிச்சூட்டைவிட 25, 30 டிகிரிதான் இது குறைத்துக் காட்டும். அதனால் வெயிலில் வைத்துவிட்டு ஐஸ் கேட்க முடியாது. ரசமட்டம் வைத்துத் தரையைச் சமப்படுத்துங்கள். சாய்ந்திருந்தால் திரவம் தன் எடையில் திரும்பி ஓடாது, சுழற்சி நின்றுவிடும். கிளம்பும் முந்தின இரவே கரண்ட்டில் குளிரவைத்து, குளிர்ந்த பொருள்களையே உள்ளே அடுக்குங்கள்.

கேள்வி: என்னுடையது கேஸிலும் குளிரவில்லை, கரண்ட்டிலும் இல்லை. பின்குழாய் ஒன்றைச் சுற்றி மஞ்சள் பொடி படிந்திருக்கிறது.

பதில்: அது கசிவு. குழாய் அரிக்காமலிருக்கக் கரைசலில் சேர்க்கும் சோடியம் குரோமேட் வெளியே வந்து காய்ந்திருக்கிறது. நச்சுப் பொருள், வெறுங்கையால் தொடாதீர்கள். அமோனியா நெடி அடித்தால் தீயை அணைத்து, ஃபிரிட்ஜைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். உள்ளே ஹைட்ரஜன் அழுத்தத்தில் இருப்பதால் வெல்டிங் செய்வதோ, அறுப்பதோ, துளையிடுவதோ கூடாது. இந்த யூனிட்டுக்கு வைத்தியம் இல்லை; மாற்றத்தான் வேண்டும். மஞ்சள் பொடியும் நெடியும் இல்லாமல் இரண்டிலும் குளிராத ஃபிரிட்ஜாக இருந்தால் மட்டும், அணைத்து ஒரு நாள் முழுக்கச் சமதளத்தில் நிற்கவிட்டு, பிறகு கரண்ட்டில் 12 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.