புரொப்பெல்லர் வளைந்த விமானத்தை எப்படி விற்பது?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸில் வசிக்கிறோம். அப்பா பணி ஓய்வு பெற்றபின் வீட்டு கேரேஜிலேயே ஆர்.வி.-6ஏ என்ற இரண்டு இருக்கை விமானத்தைக் கட்டி முடித்து, பல ஆண்டுகள் ஓட்டினார். சென்ற கோடையில் புல்தரையில் இறங்கும்போது மூக்குச் சக்கரம் மடங்கி, புரொப்பெல்லர் தரையில் அடித்து வளைந்துவிட்டது. அவருக்குக் காயமில்லை, ஆனால் இனி பறக்கப் போவதில்லை என்கிறார். விமானம் அன்றிலிருந்து ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நிற்கிறது. "வேறு புரொப்பெல்லரை மாட்டி, என்ஜினை ஓட்டிக் காட்டி விற்றுவிடலாம்" என்கிறார் அவருடைய நண்பர். விமானத்தின் பழுது, பராமரிப்பு விவரங்களைப் பதியும் லாக் புக்கில் இன்னும் எதுவும் எழுதவில்லை. பழுது பார்த்து விற்பதா, அப்படியே விற்பதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அப்படியே விற்றுவிடுங்கள். ஆனால் லாக் புக்கில் எழுதிவிட்டு விற்க வேண்டும். நண்பர் சொல்லும் வழி பூசி மெழுகும் வேலை. அதன் பக்கமே போகாதீர்கள்.

ஆர்.வி.-6ஏ விமானங்களில் பெரும்பாலும் லைகோமிங் நிறுவனத்தின் என்ஜின்தான் இருக்கும். உங்களுடையதும் அதுவே என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். புரொப்பெல்லர் தரையில் அடிக்கும்போது அந்த அதிர்ச்சி, புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் வழியாக என்ஜினின் பின்முனை வரை போகிறது. அங்கே ஒரு பல்சக்கரம், அதைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட், விரல் நுனியில் அடங்கும் ஒரு சிறிய பின் (முளை). வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவும் சுழல்வது அந்தப் பல்சக்கரத்தால்தான். அந்தப் பின் நைந்திருந்தால் ஹேங்கர் வாசலில் என்ஜின் அழகாகத்தான் ஓடும். பிறகு ஒருநாள் வானத்தில் ஒரேயடியாக நின்றுவிடும். இதனால்தான் தரையில் அடிபட்ட என்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது லைகோமிங். அந்தப் பல்சக்கரப் பகுதியைச் சோதிக்க அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வும் 2004-இல் உத்தரவிட்டது. வீட்டில் கட்டிய விமானத்துக்கு அந்த உத்தரவு பொருந்துமா என்று சிலர் வாதாடுவார்கள். வாதாடட்டும், அந்தப் பின்னுக்குச் சட்டம் தெரியாது.

எனவே என்ன நடந்தது, எந்தத் தேதியில், என்ஜின் அப்போது எந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அப்பாவின் கையாலேயே லாக் புக்கில் எழுதச் சொல்லுங்கள். கௌரவக் குறைச்சலாக நினைப்பார். பல ஆண்டு உழைப்பு அல்லவா! ஆனால் விமானத்தைத் தயாரித்தவர் என்று அதன் தகட்டில் பொறித்திருப்பது அவர் பெயர். எத்தனை கை மாறினாலும் அந்தப் பெயர் மாறாது. மறைத்து விற்று, நாளை ஏதாவது ஆனால் வழக்கு அவரைத் தேடித்தான் வரும். "உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்" என்று எழுதி வாங்குவது நல்லதுதான். ஆனால் அது கையெழுத்துப் போட்டவரைக் கட்டுப்படுத்துமே தவிர, பக்கத்து இருக்கையில் உட்காரும் பயணியைக் கட்டுப்படுத்தாது. விற்பனை ஒப்பந்தத்தை விமான வழக்குகள் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பழுது பார்ப்பதா என்பதை இன்சூரன்ஸை வைத்து முடிவு செய்யலாம். விமானச் சேதத்துக்கும் சேர்த்துப் பாலிசி இருந்தால், என்ஜினைப் பிரித்துப் பார்த்துத் திரும்பப் பூட்டும் செலவைப் பெரும்பாலும் அவர்களே ஏற்பார்கள். தேய்ந்த பாகங்களின் செலவு மட்டும் உங்களுடையது. காலம் கடந்துவிட்டது என்று நீங்களாகவே முடிவு கட்டாமல் இன்றைக்கே கேளுங்கள். பாலிசி இல்லையென்றால் என்ஜினில் கை வைக்காதீர்கள். பாதியில் பிரித்து அட்டைப் பெட்டிகளில் போட்ட என்ஜினைப் பார்த்தாலே வாங்குபவர் முகம் மாறிவிடும்.

வாங்குபவர் மோசமான நிலையை வைத்துத்தான் கணக்குப் போடுவார் என்பதால், விலையை நீங்களும் அப்படியே போடுங்கள். பறக்கும் நிலையிலுள்ள இதே ரக விமானம் என்ன விலைக்குப் போகிறதோ அதிலிருந்து என்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால், புதிய புரொப்பெல்லர், மூக்குச் சக்கர வேலை மூன்றையும் கழியுங்கள். இன்னொன்றும் கேட்பார்கள். லைகோமிங்கில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. ஓடாமல் நின்றால் எண்ணெய் வழிந்து இறங்கிவிடும், துரு பிடிக்கும். இப்போதே பாதுகாப்பு எண்ணெய் அடித்து, ஸ்பார்க் பிளக் இருக்கும் இடத்தில் ஈரம் உறிஞ்சும் பிளக்கை மாட்டுங்கள். "சும்மா ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போம்" என்று யார் வந்தாலும் விடாதீர்கள்.

வாங்குபவருக்கு ஒரு செய்தி: ஆண்டுச் சோதனையில் கையெழுத்திடும் ரிப்பேர்மேன் சான்றிதழை அப்பா வாங்கியிருந்தாலும், அது விமானத்தோடு கை மாறாது. 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தச் சோதனைக்குப் புதியவர் தகுதி பெற்ற ஒருவரின் கையெழுத்தைப் பெற வேண்டும். விளம்பரத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றுவதும் இந்த ரகத்தில் சுலபமில்லை. அந்தச் செலவு யாருடையது என்று முன்பே பேசி முடியுங்கள்.

யாரும் வாங்காவிட்டால் என்ஜின், கருவிகள், உடல் என்று தனித்தனியாக விற்கலாம். தகட்டில் இருக்கும் பெயர் பற்றிய கவலையும் அதோடு பெரும்பாலும் தீரும். அப்பா மனம் ஒப்புவாரா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முழுதாக விற்றால், கட்டும்போது எடுத்த படங்கள், குறிப்பேடுகள் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு அசலைக் கொடுத்துவிடுங்கள். 8050-2 என்ற விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, பதிவுச் சான்றிதழின் பின்பக்கத்தை நிரப்பி ஓக்லஹோமா சிட்டியிலுள்ள பதிவகத்துக்கு நீங்களே அனுப்புங்கள். வாங்கியவர் அனுப்புவார் என்று காத்திருக்க வேண்டாம்.